ஒரு கோயிற்பற்றும் மூன்று மடங்களும்

லண்டனின் செவன் கிங்ஸில் நான் நான்கு வருடம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரே ஒரு சொல் வராது. 'தெரியாது' என்பதுதான் அந்தச் சொல். வழி கேட்டால் சொல்வார். வயிற்று வலிக்கு மருந்து கேட்டால் சொல்வார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால், வரும் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை மணிக்கு விடும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அவர் சொன்னதில் பாதி தப்பு. மறுபாதியைச் சரிபார்க்க எனக்கு அவகாசம் கிடைத்ததில்லை.

அவர் இலங்கைத் தமிழர், நான் திருநெல்வேலிக்காரன். லண்டனில் ஒரு கணினி நிறுவனத்தில் டெஸ்டராக வேலை பார்த்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே பிழை என்று நோண்டிக்கொண்டே இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து போட்டவன் யாரோ, அவனுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. முதல் நாள் பெட்டியோடு வாசலில் நின்று "வணக்கம் சார்" என்றேன்.

"சார் எண்டு ஆரையும் கூப்பிடாதேங்கோ தம்பி. இஞ்ச சாரெண்டா ராசா வாளைத் தோளில வைச்சுக் குடுக்கிற பட்டம். அண்ணை எண்டு சொல்லுங்கோ, காணும்."

இது ஓரளவு உண்மையாகவே இருந்ததால் நான் ஏமாந்துபோனேன். இனி இவர் சொல்வதையெல்லாம் நம்பலாம் என்று ஒரு வாரம் நம்பினேன். அந்த வாரத்தில் அவர் சொன்ன பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனவன், அப்டன் பார்க்கில் ஒரு மீன் கடை வாசலில் இறங்கி நின்றேன். அவர் முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மற்றவர் தவமலர், அக்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நாற்பதைத் தாண்டியவர். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு நேர்காணலுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று மேல்மாடிச் சின்ன அறையில் காத்திருந்தார். நேர்காணலில் சொல்வதைக் கேட்கும் அதிகாரி நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பும் ஏற்பாடு தொடங்கும். அவரது மிச்ச வாழ்க்கை முழுவதும் ஒரு மேசைக்கு முன்னால் ஐந்து மணி நேரம் பேசப்போவதில் இருந்தது. அந்தத் தவமலருக்கோ பேச்சே வராது. எதைக் கேட்டாலும், தலையைக் குனிந்து, அவர் சொல்லும் ஒரே பதில் "தெரியாது" என்பதுதான். தேநீருக்குச் சீனி போடவா என்று கேட்டால்கூடத் தெரியாது.

தெரியாது என்ற சொல்லே வராத மனிதரும், அதைத் தவிர வேறு சொல் வராத பெண்ணும் ஒரே வீட்டில். நடுவில் நான், பிழை கண்டுபிடிக்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு எஸ்ஸெக்ஸ் யாத்திரை. ஓய்வு பெற்றபின் அவர் ஒரு பழைய மினி வான் வைத்திருந்தார். முன்பு ஒருநாள், சாலை வேலையால் திருப்பிவிடப்பட்டு வழி தவறி, ஒரு கிராமத்துத் தேவாலய வாசலில் போய் நின்றிருக்கிறார். (வழி தவறியதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா சொன்னது.) அங்கே ஒரு தட்டில் துண்டுப் பிரசுரம் இருந்தது. அந்தப் பாரிஷில் பார்க்க வேண்டிய பழைய இடங்கள், இளைப்பாற வேண்டிய பப்புகள், கையால் வரைந்த ஒரு வரைபடம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் காகிதம் வானின் கண்ணாடிக்குக் கீழே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது.

"பாரிஷ் எண்டா என்ன தம்பி? கோயிற்பற்று. எங்கட காணி உறுதிப் பத்திரத்திலயும் அதுதான் எழுதியிருக்கு, இன்ன கோயிற்பற்று, இன்ன குறிச்சி எண்டு. வெள்ளைக்காரன் வந்து எங்கட கோயிற்பற்றை அளந்தவன். இப்ப நாங்கள் வந்து அவன்ர கோயிற்பற்றைப் பாக்கிறம். கணக்குச் சரி."

இங்கிலாந்தில் பார்ப்பதற்கு வேறு இடமே இல்லாததுபோல் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அதே கோயிற்பற்றுக்குத்தான் போவோம். ஒரு தேவாலயம், ஒரு சதுர அகழி, புல்வெளி ஓரத்தில் ஒரு மரக்கட்டை, இறக்கை இல்லாத ஒரு காற்றாலை, மூன்று பப்புகள். நாங்கள் நான்கு பேர், அதோடு தமிழ்ச் சங்கத் தலைவர் ஒருவர். தலைவர் வருவது வரலாற்றுக்காக அல்ல, அக்கா கட்டிக்கொண்டு வரும் கட்டுச்சோற்றுக்காக.

தேவாலய முற்றத்தில் ஒரு வயதான ஊசியிலை மரம். எதற்கு ஒவ்வொரு தேவாலயத்திலும் இதே மரம் நிற்கிறது என்று தலைவர் கேட்டார்.

"தல விருட்சம்," என்றார் இவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பிருந்தே இந்த மரத்தைப் புனிதமாகக் கருதிக் கோயிலடியில் நட்டார்கள் என்று போட்டிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அவருடைய பிரச்சினையே இதுதான். முழுக்க முழுக்கத் தப்பாகச் சொன்னால் தள்ளிவிட்டுப் போகலாம். நடுநடுவே சரியாகவும் சொல்லித் தொலைப்பார்.

புல்வெளி ஓரத்து மரக்கட்டையில் கால் நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள். "இது செருப்புத் தைக்கிறவன் காலளவு எடுக்கிற கட்டை," என்றார். இந்த முறை அவர் வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷம். குற்றவாளிகளின் காலை மாட்டி ஊர் பார்க்க உட்கார வைக்கும் கட்டை அது என்று போனில் படமே இருந்தது. எல்லோருக்கும் காட்டினேன்.

அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார். "ஓம், அதுவும் நடந்திருக்கும். அளவெடுக்க வந்தவனை எழும்ப விடாட்டி அது தண்டனைதானே."

"எந்தக் காலத்துல அண்ணை?" என்றேன் விடாமல்.

"பெரிய ராசாவின்ர காலத்தில."

அவருடைய இங்கிலாந்து வரலாற்றில் இரண்டே ராசாக்கள். ஒருவர் பெரிய ராசா, இன்னொருவர் மற்ற ராசா. கட்டியதெல்லாம் பெரியவர். இடித்ததெல்லாம் மற்றவர். யோசித்துப் பார்த்தால், வருடக்கணக்கை விட்டுவிட்டால், அதிலும் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை.

பப்புகளை அவர் மடம் என்றுதான் சொல்வார். "பப்ளிக் ஹவுஸ் எண்டா என்ன? பப்ளிக்கின்ர வீடு. யாத்திரை போறவன் இருந்து சாப்பிட்டு இளைப்பாறிப் போற இடம். பேந்துதான் அதுக்குள்ள குடி வந்தது." அவர் வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை. ஆனால் மடத்துக்குப் போவது யாத்திரிகனின் உரிமை என்பதில் உறுதியாக இருந்தார். கலப்பை படம் போட்ட பப் கலப்பை மடம். அரசன் தலை போட்டது ராசாதலை மடம்.

முதல் தடவை கலப்பை மடத்துத் தோட்டத்தில் அவர் வெள்ளை வேட்டி ஒன்றை மேசைமேல் விரித்து, கட்டுச்சோற்றையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் மோர்மிளகாயையும் பரப்பி வைத்துவிட்டு, உள்ளே போய் வெங்காயம் வெட்ட ஒரு கத்தி கேட்டார். அந்தப் பப்பை நடத்தும் அம்மாள் வெளியே வந்து பார்த்தார். எங்கள் ஐந்து பேருக்கும் மோர்மிளகாய் நெடியில் இருமல். ஐந்து ஆரஞ்சு ஜூஸ் வாங்கிச் சமாளித்தோம். கத்தி வரவில்லை.

அடுத்த முறை போனபோது வாசலில் ஒரு புதுப் பலகை. வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை இங்கே உண்ணக்கூடாது என்று எழுதியிருந்தது. யாருக்காக எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அதன்முன் எங்களை நிறுத்தினார்.

"இது அந்தக் காலத்து அறிவித்தல். யாத்திரிகர் எல்லாம் கட்டுச்சோறு கொண்டுவந்து மடத்துச் சாப்பாட்டை வீணாக்கிப்போட்டினம். அதுதான் பெரிய ராசா போட்டவர்."

தலைவர் பயபக்தியோடு பலகையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பச்சைப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. "இப்பவும் ஒட்டுதே," என்றார். "அந்தக் காலத்துப் பெயிண்ட் அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு அவர் வானை நோக்கி நடந்தார். கட்டுச்சோறு அன்று வானுக்குள்ளே.

மூன்றாவது மடத்துக்குள் நாங்கள் போனதில்லை. அதன் பெயர் ரெட் லயன். சிங்கம் போட்ட கடைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சங்கத் தலைவர் சபதம் செய்திருந்தார். இலங்கையில் சிங்கக் கொடியின் கீழ் பட்டதெல்லாம் போதாதா, இங்கே வந்து காசு கொடுத்துச் சிங்கத்துக்குக் கீழே உட்கார வேண்டுமா என்பது அவர் கட்சி. எனக்கு அது புரிந்தது. ஆனால் ஒரு நாள் கொட்டோ கொட்டென்று மழை. வான் ஒரு மைல் தூரத்தில். கலப்பையும் பூட்டு, ராசாதலையும் பூட்டு. தலைவருக்கு நெஞ்சுச் சளி வேறு. சிங்கத்துக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றோம்.

இவர் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். மழையில் வெளுத்துப்போன ஒரு சிவப்பு மிருகம்.

"இது சிங்கமில்லை. வடிவாப் பாருங்கோ. பிடரி எங்க? இது நரி."

"லயன் எண்டு எழுதியிருக்கே," என்றார் தலைவர், தும்மிக்கொண்டே.

"எழுதினவன் வேற ஆள். கீறினவன் வேற ஆள்."

தலைவர் இரண்டு நொடி யோசித்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் 'சிவப்பு நரி மடம்' பற்றி ஐந்து நிமிடம் பேசியதாகவும் கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் வேடிக்கை. திரும்பி வரும் வழியில் நடப்பதுதான் எனக்குப் பிடிக்காது. வான் பெரிய சாலைக்கு ஏறியதும் அவர் கண்ணாடியில் தவமலரைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

"தவம், ராசாதலை மடத்தின்ர கதவு என்ன நிறம்?"

"தெரியாது அத்தான்."

"அகழிக்கு எத்தனை படி?"

"தெரியாது அத்தான்."

"கோயில் மணிக்கூட்டில நேரம் என்ன?"

"தெரியாது..."

"அந்தச் சொல்லைச் சொல்லாதை!" என்று ஸ்டியரிங்கில் அடிப்பார். "கறுப்புக் கதவு. ஒன்பது படி. பத்தே கால், அது எப்பவும் பத்தே கால்தான். எதையாவது சொல்லு. வாயைத் திறந்து ஒண்டைச் சொல்லு!" தவமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அழுகிறாரா என்பது தெரியாத மாதிரி அழுவார். அந்த நேரத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. தனக்குத் தெரியாததையெல்லாம் அளந்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறவரை அதட்டுகிறாரே என்று கோபம் வரும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கே படி கண்டாலும் எண்ணுவார். தேவாலயக் கோபுரம், அகழி, பப்பின் நிலவறை, ரயில் நிலையம், மருத்துவமனை, எதுவானாலும் உதடு அசையும். ஒருமுறை இல்ஃபர்ட் நூலகத்தில் பாதிப் படியில் என்னுடைய போன் அடித்து அவருக்குக் கணக்குத் தவறிவிட்டது. கீழே இறங்கிப் போய் மறுபடி முதல் படியிலிருந்து ஏறி வந்தார்.

நரி மடத்துக்கு அடுத்த ஞாயிறு, தவமலர் கேள்விக்குப் பதில் சொன்னார். "பலகையில என்ன மிருகம்?" என்று அவர் கேட்க, "நரி அத்தான்," என்றது பின் இருக்கை. அவர் முகம் பூரித்துப்போனது. அன்று மாலை அக்கா சமையலறையில் இருக்கும்போது போய்க் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"அக்கா, அண்ணை செய்யுறது சரியில்ல. பொய்யைத் தைரியமா சொல்லப் பழக்குறாரு. நாளைக்கு இன்டர்வியூல அவங்க இல்லாததைச் சொல்லி வைச்சா, அவ்வளவுதான், அனுப்பிருவாங்க."

அக்கா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "அவருக்கு நடந்தது தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது."

"பாத்தியளே, நீங்கள் சொல்லலாம். அவருக்குச் சொல்ல ஏலாது." பிறகு சொன்னார். "இவர் வந்த புதிசில இன்ரவியூவுக்குக் கூப்பிட்டவை. ஊர் எது எண்டு கேட்டவை. சொன்னவர். ஊரில குளம் இருக்கோ எண்டு கேட்டவை. இருக்கெண்டவர். குளத்துக்கு எத்தனை படி எண்டு கேட்டவை. தெரியாதெண்டு சொல்லிப்போட்டார். அவ்வளவுதான் தம்பி. அந்த ஊரில பிறந்து வளந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனபடியால் இவர் அந்த ஊரே இல்லை எண்டு லெற்றர் வந்தது. அப்பீல், அப்பீலுக்கு அப்பீல் எண்டு எட்டு வருஷம் போச்சு. மாமா செத்ததுக்கும் போகேல்லை. மாமி செத்ததுக்கும் போகேல்லை."

"பிறகு படியை எண்ணிச் சொல்லியிருக்கலாமே, ஊருல யாரையாவது விட்டு?"

"விட்டவர்தானே. கடிதம் போட்டு ஒருத்தரை எண்ணச் சொன்னவர். மாரிக்கு ஆறு படி தெரியுது, கோடைக்குப் பதினொண்டு, அதுக்குக் கீழ சேறு எண்டு அவர் எழுதினவர். எந்தப் படியை இவர் அங்க போய்ச் சொல்லுறது?"

வெங்காயம் காரணமாகவோ என்னவோ அக்கா கண்ணைத் துடைத்தார். இத்தனை மாதமும் போனை நீட்டி நீட்டி அவரைத் திருத்திய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏன் மறுபடி மறுபடி அதே கோயிற்பற்று என்பதும் அப்போதுதான் விளங்கியது. புது இடத்துக்குப் போனால் அவருக்கு விடை தெரியாது. இங்கே எல்லாக் கதவையும் எல்லாப் படியையும் அவர் எண்ணி வைத்திருந்தார், தவமலருக்குப் பரீட்சை வைப்பதற்காக.

ஆனாலும் என் தொழில்புத்தி போகவில்லை. மறுநாள் வான் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "அண்ணை, அகழிக்கு ஒன்பது படிங்கிறது சரி. நரின்னு சொல்லச் சொல்றது சரியா? அங்க போய் அவங்க இட்டுக்கட்டிச் சொல்லிட்டா?"

"இட்டுக்கட்டச் சொல்லேல்லை தம்பி. வாயைத் திறக்கச் சொல்லுறன். அங்க மேசைக்கு அங்கால இருக்கிறவனுக்கு நாங்கள் ஆரெண்டு தெரியாது. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்க வேணுமே. ரெண்டு பேரும் தெரியாதெண்டு இருந்தால் கதை முடிஞ்சுது."

நானும் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.

நேர்காணலுக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு தவமலர் பதினைந்து கேள்விக்குப் பதின்மூன்று சரியாகச் சொன்னார். கதவு, படி, மணிக்கூடு, காற்றாலையில் எத்தனை ஜன்னல், கலப்பை மடத்துப் பலகையில் எத்தனை வரி என்று எல்லாம். வான் முழுக்கக் கைதட்டல். தலைவர் தன் பங்குக் கத்தரிக்காய்ப் பொரியலைத் தவமலருக்கு விட்டுக்கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் தென் லண்டனில். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். தவமலரை உள்ளே அனுப்பிவிட்டு எதிரே இருந்த பப்பில் உட்கார்ந்தோம். மடம் என்று அவர் சொல்லவில்லை. ஆரஞ்சு ஜூஸ் வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் எதிர்க் கட்டட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசலுக்கு நான்கு படிகள். நானே எண்ணிவிட்டேன்.

தவமலர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வானில் ஏறியதும் அவர் திரும்பினார்.

"என்ன கேட்டவங்கள்?"

"கேட்டது பொம்பிளை அத்தான். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தது. ஊரில எங்கட வீட்டுக்கு வந்தவங்கள் எத்தனை பேர் எண்டு கேட்டா. தெரியாதெண்டன்."

"ஏன் தவம்?"

"நான் கட்டிலுக்குக் கீழ இருந்தனான். சப்பாத்துக் கால்தான் தெரிஞ்சது."

"அப்ப சப்பாத்து எத்தனை எண்டாவது சொல்லியிருக்கலாமே!"

"நான் எண்ணேல்லை அத்தான்." தவமலர் இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் கண்ணை நேரே பார்த்துச் சொன்னார். "எங்கட கதவின்ர நிறம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பன். அவா அதைக் கேக்கேல்லை. என்ர தம்பியை எந்தப் பக்கம் கொண்டுபோனவங்கள் எண்டு கேட்டா. அது தெரியாதுதானே. தெரிஞ்சால் நான் இஞ்ச ஏன் வாறன், அங்க போய்த் தேடமாட்டனே?"

எனக்கு அழுகை வந்தது. அவர் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை.

"எத்தனை தரம் சொன்னனீ, அந்தச் சொல்லை?"

"ஒன்பது. அதை மட்டும் எண்ணினனான். நீங்கள் கேப்பீங்களெண்டு தெரியும்."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் இரண்டு இடத்தில் தவறான பாதையில் திரும்பினார். நான் சொல்லவில்லை.

அதன்பிறகு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் கோயிற்பற்றுக்குப் போகவில்லை. சங்கத் தலைவர் ஞாயிறு தோறும் போன் செய்து பார்த்து ஓய்ந்துவிட்டார். அப்பீலுக்கு எந்த வக்கீலைப் பிடிப்பது என்று இவர் பட்டியல் எழுதினார். யாரைப் பற்றிக் கேட்டாலும் எந்த வக்கீல் எப்படி என்று சொல்வார். எட்டு வருட அனுபவம் என்பதால் அதில் மட்டும் ஒரு தப்பும் இருக்கவில்லை. தவமலரைப் பார்க்கும்போதெல்லாம் "பயப்பிடாதை, வழி இருக்கு" என்பார். தவமலர் போன பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தவமலர் அந்தச் சொல்லைச் சொன்ன நிமிடமே எல்லாம் முடிந்துவிட்டது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கடிதம் வந்தது. தவமலர் பிரிக்க மாட்டேன் என்று என் கையில் கொடுத்துவிட்டார். நான் முதல் வரியைப் படித்துவிட்டு, தப்பாகப் படித்திருக்கலாம் என்று இரண்டாம் முறை படித்தேன். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தவமலர் சொன்னதை நம்புகிறார்களாம். ஐந்து வருட விசா.

அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். தவமலர் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், இத்தனை காலமும் மறைத்து வைத்ததெல்லாம் சேர்த்து. பிறகு எழுந்துபோய், யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் தேநீர் போட்டார். தன்னுடையதில் மூன்று கரண்டி சீனி போட்டார். இவரும் சிரித்தார், தவமலரின் தலையைத் தொட்டு "கெட்டிக்காரி" என்றார். கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் படித்தார். அக்கா கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கியபோது ஆளைக் காணவில்லை.

வானில் இருந்தார். ஓட்டுநர் இருக்கையில், சாவி போடாமல், கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு. நான் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். சந்தோஷமான நாளில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று கொஞ்சம் கிண்டலாகக் கேட்கத்தான் வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"இதில எழுதியிருக்கிறாங்கள் தம்பி." விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "கட்டிலுக்குக் கீழ இருந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்கிறது நியாயம் எண்டு."

"ஆமா அண்ணை. படிச்சேன்."

அவர் கடிதத்தை அதன் மடிப்பிலேயே மறுபடி மடித்தார். பதில் தெரியாமல் அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. எப்போதும் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்குத்தான் முதன்முதலாக, ஒரு பதிலை எதிர்பார்த்து, என் முகத்தைப் பார்த்தார்.

"அவள் ஒன்பது தரம் சொல்லியிருக்கிறாள். நான் ஒருக்காத்தானே தம்பி சொன்னனான்?"